தில்லியிலிருந்து ஸ்பிட்டிக்கு நண்பர்களோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமாசலப் பிரதேசத்தில், திபெத் எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்கு நான் மூன்று முறை போய்வந்திருக்கிறேன். மூன்று முறையும் தில்லித் தமிழ் நண்பர்களோடுதான். ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ ஏதாவது ஒரு வீட்டுக் கொலுவில் சுண்டலைக் கையில் வாங்கியவுடன், அடுத்த ஆண்டு அங்கே போக நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். உடல்நலம் பற்றி இங்குள்ளவற்றைப் படித்துவிட்டு உங்கள் மருத்துவரையும் பாருங்கள்.

தில்லியிலிருந்து லடாக்கிலுள்ள லே நகருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானத்தில் போய்விடலாமே, ஸ்பிட்டிக்கு ஏன் நாட்கணக்கில் சாலையில் போக வேண்டும்?

அந்த ஒன்றரை மணி நேரம்தான் சிக்கலே. தில்லி கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டரைச் சற்றே தாண்டிய சமவெளி; லே விமான நிலையம் ஏறத்தாழ 3,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர். அதாவது, காலைக் காப்பியைத் தில்லியில் குடித்தவர், தென்னிந்தியாவின் எந்தச் சிகரத்தைவிடவும் உயரமான ஓரிடத்தில் மதிய உணவுக்கு உட்காருகிறார். உடலுக்கு இந்தச் செய்தி தாமதமாகத்தான் போய்ச் சேரும். தலைவலி பெரும்பாலும் இறங்கிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கும். ஆகவே லே-வுக்குப் பறப்பவர்கள் முதல் இரண்டு நாட்களை அறையிலும் அறைக்கு அருகிலும் கழித்தே தீர வேண்டும். நான்கு நாள் விடுமுறையில் அதைச் செய்ய யாருக்கும் மனம் வருவதில்லை; மறுநாளே 5,300 மீட்டருக்கு மேலுள்ள கார்துங் லா கணவாய்க்கு வண்டி பேசிவிடுகிறார்கள்.

சிம்லா வழியாக ஸ்பிட்டிக்குப் போனால் சாலையே உங்களைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டு போகும். லே மோசமான இடம் என்று நான் சொல்லவில்லை. திக்சே, ஹெமிஸ், ஆல்ச்சி ஆகிய கோம்பாக்களைப் பார்க்காமல் இருப்பது இழப்புதான். ஆனால் பத்து நாள் கிடைக்கும் நண்பர் குழுவுக்கு, அதுவும் முதல் முறை உயர்மலைக்குப் போகிறவர்களுக்கு, என் பரிந்துரை சிம்லா வழி ஸ்பிட்டிதான்.

கோம்பா என்றால் என்ன?

பௌத்தத் துறவிகள் தங்கிப் பயிலும் மடாலயம். அந்தப் பக்கத்தில் எல்லோரும் வழங்கும் சொல் அதுவே. அதே போல ‘லா’ என்பது கணவாய். ஆகவே ‘குன்சும் லா கணவாய்’ என்று சொல்வது ‘நடுசென்டர்’ என்பது போலத்தான், ஆனாலும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், நான் மேலே சொன்னதும் அப்படித்தான்.

எத்தனை நாள் வேண்டும்? எங்கெங்கே இரவு தங்க வேண்டும்?

தில்லியிலிருந்து தில்லிக்குப் பத்து நாள். ஒன்பதில் முடிக்கலாம், எட்டில் முடிப்போம் என்பவர்களோடு நான் வர மாட்டேன். முதல் இரவு சிம்லாவிலோ நார்கண்டாவிலோ தங்கலாம்; கால்காவிலிருந்து 1903-இல் தொடங்கிய குறுகிய பாதை ரயிலில் ஏறிப் போனால் அதுவே ஒரு பகல் பொழுதுக்குக் காணும். அடுத்து சட்லெஜ் நதியோரமாகக் கின்னௌர் மாவட்டத்துக்குள் நுழைந்து, ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரத்திலுள்ள கல்பாவில் இரண்டு இரவு. இரண்டாவது இரவை வீண் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். பயணத்தின் மிச்சப் பகுதி முழுவதும் அந்த ஓர் இரவின் மீதுதான் நிற்கிறது. கின்னர் கைலாசத்தைப் பார்த்துக்கொண்டு ஆப்பிள் தோட்டங்களுக்கிடையே நடப்பது எப்படியும் வீணாகாது.

பிறகு, ஸ்பிட்டி ஆறு சட்லெஜோடு கலக்கும் காப் என்ற இடத்தைக் கடந்து, 3,600 மீட்டரையொட்டிய நாக்கோ கிராமத்தின் ஏரியைப் பகலில் பார்த்துவிட்டு, இரவுக்கு 3,280 மீட்டரிலுள்ள தாபோவுக்கு இறங்கிவிட வேண்டும். பகலில் உயரே போய் இரவு தாழ்வில் தூங்குவது மலையேறுபவர்களின் பழைய வழக்கம். 3,000 மீட்டருக்கு மேல் போன பின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொது விதி. இந்தத் தங்கல் ஏற்பாடு அந்த விதிக்குள் அடங்குகிறது. தாபோவில் ஓரிரவோ இரண்டிரவோ, பிறகு ஸ்பிட்டியின் தலைமையிடமான காசாவில் மூன்றிரவு. திரும்பும் வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

மணாலி வழியாகப் போனால் இரண்டு நாளில் காசாவை அடையலாம் என்கிறார்களே?

அடையலாம். என் முதல் பயணம் அப்படித்தான் இருந்தது, அதனால்தான் இந்தப் பக்கத்தில் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன்.

ஐந்து பேர் காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தில் இரவு வண்டி ஏறினோம். 2,000 மீட்டர் அளவிலுள்ள மணாலியில் காலையில் இறங்கி, அன்றைக்கே ஒரு வண்டி பிடித்து, 4,500 மீட்டருக்கு மேற்பட்ட குன்சும் கணவாயைத் தாண்டி, பொழுது சாய்ந்தபோது காசாவில் இருந்தோம். எங்களுக்குள் மிகவும் திடமான ஆள், வாரம் மூன்று நாள் லோதி தோட்டத்தில் ஓடுகிறவர், இரவு உணவுக்கு வரவில்லை. கேட்டதற்கு “சும்மா தலை பாரம்தான், நீங்க சாப்பிடுங்க” என்றார். தன்னால் எல்லோருடைய திட்டமும் கெட்டுவிடக் கூடாது என்று அவர் மதியத்திலிருந்தே மறைத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. இரவு பதினொரு மணிக்கு இரண்டு முறை வாந்தி எடுத்தார். விடுதி நடத்தும் அம்மா அவரை எழுப்பி நிறுத்தி, தரைவிரிப்பின் ஓரக் கோட்டின் மேல் ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்நுனியில் வைத்து வைத்து நடக்கச் சொன்னார். அவர் தள்ளாடாமல் நடந்ததால்தான் விடியும் வரை காத்திருந்தோம். தள்ளாடியிருந்தால் அந்த இருட்டிலேயே கிளம்பியிருக்க வேண்டும். முதல் வெளிச்சத்தில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்திலுள்ள தாபோவுக்கு இறங்கினோம். நானூறு மீட்டர் அளவே இறக்கம். பத்து மணிக்கு அவர் தாமாகவே பசிக்கிறது என்றார்.

உடற்பயிற்சி செய்தவருக்கு மலை நோய் வராது என்பது தவறான எண்ணம். அது வயதையும் வலுவையும் பார்த்து வருவதில்லை. ஏறும் வேகத்தைப் பார்த்து வருகிறது.

மலை நோய் உண்மையில் எதனால் வருகிறது? மேலே காற்றில் ஆக்சிஜன் குறைவா?

காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 விழுக்காடுதான். காற்றழுத்தம்தான் குறைகிறது: 3,500 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதன் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கும், 5,300 மீட்டரையொட்டிப் பாதி அளவுக்கும் இறங்கிவிடும். ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் வரும் ஆக்சிஜன் அதே அளவுக்குக் குறைகிறது. உடல் வேகமாக மூச்சு வாங்கியும், சிறுநீர் வழியாக இரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்தும் இதற்குப் பழகிக்கொள்ளும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும்.

தலைவலி, பசியின்மை, குமட்டல், தூக்கக் கெடுதி ஆகியவை முதல் நிலை. இந்த நிலையில் மேலே ஏறக் கூடாது, இருக்கும் இடத்திலேயே ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், உதடு நீலம் பாய்வது ஆகியவை நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதன் அடையாளங்கள். நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், மீறிய உறக்கம் ஆகியவை மூளை வீங்குவதன் அடையாளங்கள். இவற்றில் எது தெரிந்தாலும் உடனே கீழே இறங்க வேண்டும். காசாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது, ஆக்சிஜன் கொடுப்பார்கள், ஆனால் அது இறக்கத்துக்கு மாற்று ஆகாது.

டயாமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? கற்பூரம் முகர்ந்தால் போதும் என்கிறார்களே?

டயாமாக்ஸ் என்பது அசெட்டசோலமைடு. உடல் பழகுவதை அது விரைவுபடுத்துகிறது. பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற மதமதப்பு வரும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும், சோடா வகைப் பானங்கள் தகர ருசி அடிக்கும். இவை பயப்படத்தக்கவை அல்ல. முதல் மாத்திரையைத் தில்லியிலேயே ஒரு சனிக்கிழமை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கற்பூரத்தைப் பொறுத்தவரை, பை நிறையக் கொண்டுவந்த நண்பர்கள் எனக்கு உண்டு. மூக்கு திறந்தது போலக் குளிர்ச்சியாக ஒரு உணர்வு வரும், அவ்வளவுதான். இரத்தத்தில் ஆக்சிஜன் அதிகரிக்காது. அதை முகர்ந்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று மேலே ஏறுவதுதான் ஆபத்து. கடைகளில் விற்கும் சிறிய ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களுக்கு மட்டுமே வரும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால், காசாவில் 85 முதல் 90 வரை காட்டுவதைக் கண்டு பதற வேண்டாம். நலமாக இருப்பவர்களுக்கே அப்படித்தான் இருக்கும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் முதல் சில இரவுகளுக்கு வேண்டாம்.

வயதான பெற்றோரையும் அழைத்துச் செல்லலாமா?

வயது தடையில்லை. இதய நோய், நுரையீரல் நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மருத்துவர் சம்மதம் இல்லாமல் வரக் கூடாது. அவர்களுக்கு கல்பாவே போதும், அது ஒன்றும் குறைந்த இடமில்லை.

நண்பர்களுக்குள் சண்டை வராமல் இருக்க என்ன செய்வது?

கிளம்புவதற்கு முன்பே மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். குழுவில் யாருடைய உடல் மெதுவாகப் பழகுகிறதோ அவருடைய வேகமே எல்லோருடைய வேகமும் என்பதை, எல்லோரும் நலமாக இருக்கும்போதே, தில்லியிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே போன பின் அதைப் பேசினால் நோயாளி குற்றவாளி ஆகிவிடுவார், அடுத்த முறை மறைப்பார். என் நண்பர் மறைத்ததற்குக் காரணம் அவருடைய பிடிவாதம் என்று நாங்கள் அன்றைக்குப் பேசிக்கொண்டோம். உண்மையில் அவர் வாயைத் திறக்க நாங்கள் இடம் கொடுக்கவில்லை. இப்போது தினமும் காலையிலும் இரவிலும், “தலைவலி உண்டா, சாப்பிட்டாயா, தூங்கினாயா” என்ற மூன்று கேள்விகளையும் எல்லோரிடமும் கேட்கிறோம், கேலியாகவாவது கேட்கிறோம்.

இரண்டாவது, ஒருவர் இறங்க நேர்ந்தால் அவரோடு யார் போவது என்பது. தனியாக அனுப்பவே கூடாது. மூன்றாவது பணம்: கிளம்பும்போதே ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு பொதுப் பணப்பையில் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிட்டால், வழியில் தேநீருக்குக் கூடக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. காசாவில் ஏ.டி.எம். உண்டு என்றாலும் அதில் எப்போதும் பணம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்; ரொக்கமாகவே கொண்டுபோங்கள்.

சொந்தக் காரில் போகலாமா? பைக்கில்?

கரோல் பாகில் பைக் வாங்கி, பட்டை கட்டி, பெட்டி மாட்டிக் கிளம்பும் இளைஞர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முடியும், ஆனால் ஐந்தாறு பேர் கொண்ட குழுவுக்கு, சிம்லாவிலோ, கின்னௌரின் தலைமையிடமான ரெக்காங் பியோவிலோ கிடைக்கும் மலை ஓட்டுநரோடு வாடகை வண்டியே மேல். மலிங் பக்கத்துச் சரிவில் கல் உருண்டு வரும்போது எங்கே நிறுத்த வேண்டும், எப்போது கடக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நொய்டா விரைவுச் சாலையில் பழகிய கைக்குத் தெரியாது. காசாவில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. இருட்டிய பின் ஓட்டச் சொல்லாதீர்கள். செலவு குறைய வேண்டுமென்றால் ரெக்காங் பியோ வரையும் அங்கிருந்து காசா வரையும் அரசுப் பேருந்து ஓடுகிறது.

எந்த மாதம் நல்லது? அனுமதிச் சீட்டு வேண்டுமா?

செப்டம்பர். ஸ்பிட்டி மழை மறைவுப் பிரதேசம் என்றாலும், அங்கே போகும் கின்னௌர் சாலை ஜூலை, ஆகஸ்டில் மண்சரிவால் அடிக்கடி மூடப்படும். இந்தியக் குடிமக்களுக்கு இந்த வழியில் அனுமதிச் சீட்டு தேவையில்லை, ஆதார் போன்ற அடையாள அட்டை கையில் இருந்தால் போதும். உங்கள் குழுவில் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இருந்தால் ரெக்காங் பியோவுக்கு அப்பால் எல்லைப் பகுதிக்கு அவருக்கு அனுமதி வேண்டும். ரெக்காங் பியோவிலேயே வாங்கலாம்.

துணிமணிக்கு என்ன செய்வது?

தில்லியின் சனவரியைக் கழித்தவர்களிடம் பாதித் துணி ஏற்கெனவே இருக்கும். மிச்சத்தைக் காஷ்மீரி கேட்டுக்குப் பக்கத்திலுள்ள திபெத்தியர் சந்தையில் வாங்கலாம். வெயிலுக்கும் தயாராகப் போங்கள். அந்த உயரத்தில் தோல் வெந்துவிடும்.

சைவ உணவு கிடைக்குமா? சோறு?

கிடைக்கும். பருப்பு, ராஜ்மா, சோறு, காய்கறி துக்பா என்ற நூடுல்ஸ் சூப், மோமோ, ஆவியில் வெந்த திங்மோ ரொட்டி எல்லாம் காசாவில் உண்டு. முன்பே நாக்குக்குப் பழக்கம் வேண்டுமென்றால் தில்லியின் திபெத்தியர் குடியிருப்பான மஜ்னு கா டில்லாவில் ஒரு மாலை போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். காசாவின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 88 பாகையிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பானையில் அரிசி எத்தனை நேரம் கொதித்தாலும் நடுவில் சற்று வேகாமல் மிஞ்சும். குக்கரில் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

நாங்கள் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோவோம். அழுத்தம் குறைவதால் மூடிய பொட்டலங்கள் எல்லாம் மேலே போகப் போகத் தலையணை மாதிரி உப்பிவிடும். இரண்டாவது பயணத்தில் நாக்கோவில் நிறுத்திப் புளிக்காய்ச்சல் டப்பாவின் மூடியைத் திருகியபோது, அது புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு, எண்ணெயை என் வெள்ளை ஸ்வெட்டரின் மேல் தெளித்தது. கறை இன்னும் இருக்கிறது. அதன் பிறகு டப்பாவை முக்கால் அளவுக்கே நிரப்புகிறோம், பாலித்தீன் பையில் கட்டி வைக்கிறோம்.

ஒரே ஒரு கோம்பாவைத்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது?

தாபோ. எல்லோரும் படம் எடுப்பது கீ கோம்பாவைத்தான். 4,166 மீட்டரில் ஒரு குன்றின் மேல் வெள்ளைப் பெட்டிகளை அடுக்கியது போல நிற்கும் அதன் அழகை நான் மறுக்கவில்லை. தங்கர் கோம்பாவோ செங்குத்தான மண்பாறையின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கிறது. அந்த ஊர் ஒரு காலத்தில் ஸ்பிட்டியின் தலைநகராக இருந்தது. ஆனால் தாபோ வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை: சமதரையில், மண் சுவர்களால் ஆன சில தாழ்ந்த கட்டடங்கள். “இதற்கா இவ்வளவு தூரம்?” என்று எங்கள் குழுவில் ஒருவர் வாய்விட்டே கேட்டார்.

அது 996-இல் கட்டப்பட்டது. மேற்குத் திபெத்தின் கூகே அரசன் யேஷே ஓவின் ஆதரவில், மொழிபெயர்ப்பாளர் என்றே அடைமொழி பெற்ற ரின்சென் சாங்போவின் காலத்தில் எழுந்தது. அதே ஆண்டுகளில் தஞ்சாவூரில் முதலாம் இராசராசன் ஆண்டுகொண்டிருந்தான். பெரிய கோயில் நிறைவடைந்தது 1010-இல். அதாவது, இந்த மண் சுவர் நம் கருங்கல் விமானத்துக்குப் பதினான்கு வயது மூத்தது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்ததை அந்த ஊரின் பெயராலேயே வழங்கும் செப்பேடுகள் சொல்கின்றன. கடலோரத்து அந்த விகாரம் இன்றில்லை, மழை அரிதாகவே பெய்யும் இந்தக் குளிர் பாலைவனத்தில் மண்கட்டடம் நிற்கிறது. 1975 நிலநடுக்கத்தில் அடிபட்டும் நின்றது. தலாய் லாமா 1983-இலும் ஆயிரமாவது ஆண்டான 1996-இலும் இங்கே காலச்சக்கரப் போதனை நடத்தினார்.

உள்ளே போனதும் ஒரு நிமிடம் எதுவும் தெரியாது. கண் பழகப் பழக, சுவரில் ஆளுயரத்துக்கு மேலே வண்ணச் சுதை உருவங்கள் ஒவ்வொன்றாகத் தாமரைப் பீடத்தில் அமர்ந்தபடி வெளிப்படும். நடுவில் நான்கு திசையையும் பார்த்தபடி வைரோசனர். கீழே புத்தர் வாழ்க்கையை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். முகங்களிலும் ஆடைகளிலும் காஷ்மீரக் கைவண்ணம் தெரியும். படமெடுக்க அனுமதி இல்லை, அது நல்லதாகவே போயிற்று. கேள்வி கேட்ட நண்பர்தான் கடைசியாக வெளியே வந்தார்.

கோம்பாவுக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

நம் கோயிலில் நடந்துகொள்வது போலவே பெரும்பாலும் போதும்: செருப்பைக் கழற்றி, தொப்பியை எடுத்து, வலம் வந்து, சன்னதிப் பக்கம் கால் நீட்டாமல் உட்கார வேண்டும். மணிச் சக்கரங்கள் என்ற பிரார்த்தனை உருளைகளையும் சாலையோர ஸ்தூபிகளையும் நமக்கு வலப் பக்கத்தில் இருக்கும்படி கடக்க வேண்டும். காவல் தெய்வங்களின் அறைக்குள் சில மடங்களில் பெண்களை அனுமதிப்பதில்லை, கேட்டுக்கொண்டு போங்கள். எதிர்ப்படுபவர்களிடம் “ஜூலே” என்றால் வணக்கம், நன்றி எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். வெண்ணெய்த் தேநீர் கொடுத்தால் ஒரு மிடறு குடித்தவுடன் கோப்பையை மறுபடி நிரப்புவார்கள்; போதுமென்றால் நிரம்பியதை அப்படியே வைத்துவிட்டு, கிளம்பும்போது குடித்து முடியுங்கள். அதை உப்புப் போட்ட ரசம் என்று நினைத்துக் குடித்தால் இறங்கும், காப்பி என்று நினைத்தால் இறங்காது.

எந்த வழியாகத் திரும்புவது?

காசாவில் மூன்றிரவு ஆகி, 4,400 மீட்டர் உயரத்தில் அஞ்சல் நிலையம் உள்ள ஹிக்கிமிலிருந்து வீட்டுக்கு ஒரு அட்டையும் போட்ட பிறகு, உடல் பழகியிருக்கும். அப்போது குன்சும் வழியாக மணாலிக்கு இறங்கலாம். குளிர்காலம் முழுவதும் இந்தக் கணவாய் பனியால் மூடியிருக்கும் என்பதால், அக்டோபருக்குப் பின் போகிறவர்கள் வந்த வழியே சிம்லாவுக்குத் திரும்ப வேண்டும். கணவாய் உச்சியில் அம்மன் கோயிலை ஓட்டுநர் வண்டியோடு ஒரு முறை வலம் வருவார், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பின் வரும், கிராம்ஃபூ என்ற இடம் வரையிலான சாலை பெயருக்குத்தான் சாலை. ஓடை குறுக்கே ஓடும் இடங்களில் வெயில் ஏற ஏறப் பனி உருகித் தண்ணீர் பெருகும் என்பதால் காசாவிலிருந்து காலை ஆறு மணிக்காவது கிளம்பிவிடுங்கள். 2020-இல் திறந்த, ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது எல்லோரும் புழுதியில் ஒரே நிறமாக இருப்பீர்கள். மறுபுறம் வெளியே வந்ததும் பச்சை தெரியும், செல்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கும். மணாலியிலிருந்து காஷ்மீரி கேட்டுக்கு இரவுப் பேருந்துகள் உண்டு.